குழந்தையின் வாயிலோ தொண்டையிலோ காயம் பட்டால்: காயத்தோடு பொருளையும் பாருங்கள்

என் மகளுக்கு இரண்டரை வயதிருக்கும்போது, ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே கூடத்துக்கும் குளியலறைக்குமாக நடந்துகொண்டிருந்தவள், ஈரமாகக் கிடந்த குளியலறை வாசலில் கால் வழுக்கிக் குப்புற விழுந்தாள். பிரஷ் வாயில் இருந்தது. அவளே அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதாள். பற்பசை நுரையோடு கலந்து இளஞ்சிவப்பாக இரத்தம் வழிந்தது. வாயைக் கழுவிவிட்டு ஐந்து நிமிடம் மடியில் வைத்திருந்ததில் இரத்தம் நின்றுவிட்டது. கைப்பேசியின் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, மேலண்ணத்தின் பின்பகுதியில் வலப்பக்கமாக ஓர் உளுந்தளவுக்குச் சிவந்த கிழிசல் மட்டும் தெரிந்தது. இவ்வளவுதானே என்று நான் ஆறுதலடைந்த நேரத்தில், என் மாமியார் தரையில் கிடந்த பிரஷை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்து, "டாக்டர்கிட்ட இதையும் காட்டிடும்மா" என்றார்.

மருத்துவமனையில் அன்று பணியிலிருந்த மருத்துவர், குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, விழுந்தபோது வாயில் என்ன இருந்தது என்று கேட்டார். பிரஷை வாங்கி, தலைப்பகுதி முழுதாக இருக்கிறதா, பிளாஸ்டிக் முனை எங்காவது உடைந்திருக்கிறதா, நார்க்கற்றை ஏதும் உதிர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கமாக விழுந்தாள், பிரஷ் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கலாம், அதை யார் வெளியே எடுத்தது என்றெல்லாம் கேட்ட பிறகுதான் காயத்தைப் பார்த்தார். சில மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனித்துவிட்டு, அடுத்த மூன்று நாள்களுக்கு எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்து அனுப்பினார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: சிறு குழந்தையின் வாய்க்குள் பட்ட காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அறிய, கண்ணுக்குத் தெரியும் காயத்தைவிட, அதை உண்டாக்கிய பொருளே அதிகம் உதவும். அந்த ஒழுங்கிலேயே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பென்சில், பேனா, பிரஷ், ஐஸ் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஸ்பூன், உறிஞ்சுகுழல், ஊதல் ஆகியவற்றை வாயில் வைத்துக்கொண்டு ஓடும் வயது ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஐந்து வரை. இந்த வயதில் உடலோடு ஒப்பிடும்போது தலை கனமானது. நடையில் நிதானம் இன்னும் வந்திருக்காது. கையொன்று வாயிலிருக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பதால் விழும்போது ஊன்றிக்கொள்ளவும் முடியாது. முகம் தரையில் மோதும்போது அந்தப் பொருள் நேராக உள்ளே தள்ளப்படுகிறது. அண்ணத்தின் முன்பகுதியில் எலும்பு இருப்பதால் அங்கே படும் அடி பெரும்பாலும் சிராய்ப்போடு நின்றுவிடும். பின்பகுதியான மெல்லண்ணத்தில் எலும்பு கிடையாது. அதிலும் நட்ட நடுவில் குத்துவதைவிட, பக்கவாட்டில், டான்சில் இருக்கும் பகுதியில் குத்துவது கவலைக்குரியது. காரணம், அந்தச் சுவருக்குப் பின்னால் சிறிது தூரத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனி ஓடுகிறது. பொருள் தமனியைக் கிழிக்காவிட்டாலும், மழுங்கிய முனை ஒன்று அதைப் பின்னாலிருக்கும் எலும்போடு வைத்து நசுக்கினாலே, தமனியின் உட்சுவர் கன்றி, அங்கே இரத்தம் உறைந்து, சில மணி நேரத்துக்குப் பிறகோ இரண்டு மூன்று நாள்களுக்குள்ளோ அந்த உறைவு மூளையைப் பாதிக்கக்கூடும். இது மிக மிக அரிது. இப்படி அடிபட்ட குழந்தைகளில் ஆகப் பெரும்பான்மையோர் ஒரு சிக்கலும் இல்லாமல் குணமாகிவிடுகிறார்கள். ஆனாலும் வாய்க்குள் தெரியும் கிழிசலின் அளவை வைத்து இந்த ஆபத்தை அளக்க முடியாது என்பதால்தான் மருத்துவர்கள் நாள்கணக்கு வைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

முதல் சில நிமிடங்கள்

பொருள் இன்னும் குத்திக்கொண்டே இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்தவுடன் பீறிட்டு வரும் இரத்தத்தை வீட்டில் நிறுத்த வழியில்லை. குழந்தையை உட்கார்ந்த நிலையில் அணைத்துப் பிடித்து, அதன் கைகளை மெல்ல இறுக்கி, பொருள் அசையாதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இலங்கையில் இருப்பவர்களுக்கு அந்த எண் 1990.

பொருள் வெளியே வந்துவிட்டிருந்தால், குழந்தையை மடியில் உட்காரவைத்துத் தலையை முன்பக்கமாகக் குனியவிடுங்கள். நம் வீடுகளில் இரத்தத்தைக் கண்டதும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையை நிமிர்த்துகிற பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சை அடைக்கலாம். விழுங்கிய இரத்தம் வயிற்றைப் புரட்டி வாந்தியாக வந்து, காயத்தையும் மறுபடி திறந்துவிடும். ஒரு கிண்ணத்தைப் பிடித்து அதில் துப்பவிடுங்கள். எச்சிலோடு கலந்த இரத்தம் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பதற்றம் குறையும்.

உதட்டிலோ நாக்கின் நுனியிலோ காயம் என்றால், சுத்தமான ஈரத்துணியை மடித்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் இரத்தம் நிற்காமல் போவதற்கு முதல் காரணம். மேலுதட்டின் உட்புறத்தை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால் பார்க்கப் பயங்கரமாக இரத்தம் வரும். ஆனால் அது பெரும்பாலும் தையலில்லாமல் தானே ஆறிவிடும். உதட்டை வெளியிலிருந்து பல்லோடு சேர்த்து அழுத்தினால் போதும், உதட்டைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க வேண்டும். மஞ்சள்தூளும் காபித்தூளும் வாய்க்குள் வேண்டாம். அவை காயத்தின் உண்மையான ஆழத்தை மருத்துவரின் கண்ணிலிருந்து மறைப்பதோடு, அழுகிற குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகக்கூடும். குளிர்ச்சிக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி உதட்டின் மேல் ஒற்றலாம். சிறு குழந்தையின் வாய்க்குள் பனிக்கட்டியைப் போடக் கூடாது.

பால்பல் பெயர்ந்து விழுந்துவிட்டால் அதைத் திரும்பக் குழிக்குள் செருக வேண்டியதில்லை. செருகினால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லின் முளை கெடும். ஆனால் அந்தப் பல்லைத் தேடிக் கண்டெடுக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால், அது ஈறுக்குள் ஏறியிருக்கிறதா, மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வாய்க்குள் பார்ப்பது

இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே, முழங்கால்கள் முட்டும்படி உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி அவர் மடியில் உட்கார்ந்து, அப்படியே பின்பக்கம் சாய்ந்து, தலை மற்றவரின் மடியில் படும்படி படுக்கட்டும். அம்மா கைகளைப் பிடித்துக்கொள்ள, தலைப்பக்கம் இருப்பவர் டார்ச் அடித்துப் பார்க்கலாம். இரத்தம் நின்ற பிறகே இதைச் செய்ய வேண்டும். குழந்தை அழும்போது வாய் தானாக நன்றாகத் திறக்கும்; அந்த இரண்டு மூன்று வினாடி போதும். ஸ்பூனை வைத்து நாக்கை அழுத்துவதோ விரலை விட்டுத் துழாவுவதோ வேண்டாம்.

குழந்தைக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, விழுங்க மறுக்கிறது, மூச்சிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறது, குரல் கம்மியிருக்கிறது, கழுத்து வீங்குகிறது என்ற நிலைகளில் வாய்க்குள் பார்க்கும் முயற்சியே கூடாது. குழந்தை எந்த நிலையில் மூச்சுவிடச் சுலபமாக உட்கார்ந்திருக்கிறதோ அதே நிலையில் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கழுத்தையோ கன்னத்தையோ தொடும்போது தோலுக்கடியில் நொறுநொறுவென்று உணர்ந்தால், கிழிசல் வழியாகக் காற்று திசுக்களுக்குள் புகுந்திருக்கிறது என்று பொருள். அதுவும் உடனடி மருத்துவமனைக்கானது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும், குச்சி போன்ற ஒன்று அண்ணத்தின் பின்பகுதியிலோ தொண்டையிலோ குத்தியிருந்தால், பொருளின் முனை உடைந்து ஒரு துண்டைக் காணவில்லை என்றால், நாக்கின் காயம் வாய்விட்டுப் பிளந்திருந்தால், அல்லது பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைகள் பிரிவும் காது மூக்கு தொண்டைப் பிரிவும் சேர்ந்திருக்கும் மருத்துவமனையாக இருந்தால் அலைச்சல் மிச்சமாகும். போகும் வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. குத்திய பொருள், உடைந்திருந்தால் அதன் எல்லாத் துண்டுகள், தடுப்பூசி அட்டை ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு மேல் போட வேண்டிய ஊக்கத் தவணை விட்டுப்போயிருந்தால், டெட்டனஸ் ஊசி பற்றி முடிவெடுக்க அந்த அட்டை தேவைப்படும்.

அண்ணக் காயங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தையல் போடமாட்டார்கள். வாய்க்குள் இரத்த ஓட்டம் அதிகம் என்பதால் அவை வேகமாக ஆறும். பெரிய கிழிசலோ, தொங்கிக்கொண்டிருக்கும் சதைத் துண்டோ இருந்தால்தான் தையல். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதைக் குத்திய இடத்தையும் ஆழத்தையும் குழந்தையின் நிலையையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். எதைக் கண்டால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்த மூன்று நாள்கள்

எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த தாள் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கக் கையோ காலோ தொய்வது, முகம் ஒரு பக்கமாகக் கோணுவது, பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சுக் குழறுவது, காரணமில்லாமல் தூங்கி வழிவது, எழுப்பினால் சரியாக எழாதது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு ஆகியவை தமனி சார்ந்த எச்சரிக்கைகள். காய்ச்சல், கழுத்தைத் திருப்ப மறுப்பது, ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்து வைத்திருப்பது, எச்சில் ஒழுகுவது, குடித்துக்கொண்டிருந்த பாலைக்கூட மறுப்பது ஆகியவை தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டுவதைக் காட்டலாம். இவை மூன்று நாளைத் தாண்டியும் வரக்கூடும். முதல் இரண்டு இரவுகளில் நான் அலாரம் வைத்து எழுந்து, மகளை இலேசாக எழுப்பி, இரண்டு கைகளையும் நீட்டி என் விரலைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தூங்கவைத்தேன். சிணுங்கினாள், ஆனாலும் பிடித்தாள். அந்தப் பிடி இரண்டு பக்கமும் ஒரே வலுவாக இருந்ததுதான் எனக்குத் தூக்கம் தந்தது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காயத்தின்மேல் வெள்ளையாக, இளமஞ்சளாக ஒரு படலம் தெரியும். பல பெற்றோர் அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்ட முயல்கிறார்கள். வாய்க்குள் ஆறும் காயத்தின் இயல்பான தோற்றமே அது. தோலில் கட்டும் பொருக்கு ஈரத்தில் ஊறினால் எப்படியிருக்குமோ அப்படி. தொடாமல் விட்டால் சில நாளில் மறைந்துவிடும். உணவு ஆறியதாகவும் மசித்ததாகவும் இருக்கட்டும்: குழைந்த தயிர்சாதம், கேழ்வரகுக் கஞ்சி, மசித்த வாழைப்பழம், இட்லியைப் பாலில் ஊறவைத்தது. முறுக்கு, சிப்ஸ், சூடான இரசம், புளிப்பு, காரம் இவை ஒரு வாரம் கழித்து. உறிஞ்சுகுழல் வேண்டாம். ஒவ்வோர் உணவுக்குப் பிறகும் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும். வலிக்குக் குழந்தையின் எடைக்கேற்பப் பாராசிட்டமால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

வெளியே தெரியாத காயங்கள்

இதுவரை சொன்னவற்றில் பொருளும் காயமும் கண்ணெதிரே இருக்கின்றன. இதைவிடக் கொடியது, பொருள் உள்ளே போய்விட்டு, வாயில் கீறல்கூட இல்லாமல் குழந்தை விளையாடிக்கொண்டிருப்பது. அவற்றில் முதலிடம் பட்டன் பேட்டரிக்கு. ரிமோட், எடைக்கருவி, இசைக்கும் வாழ்த்து அட்டை, விளக்கெரியும் பொம்மை, சில கடிகாரங்கள் என்று நம் வீட்டில் அது இல்லாத அறை இல்லை. அதன் முதுகில் பொறித்திருக்கும் 2032 என்ற எண்ணுக்கு 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அளவிலிருக்கும் அந்த வட்டம் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். இருபுறமும் ஈரமான திசு தொட்டவுடன் மின்னோட்டம் பாய்ந்து, எதிர்மின் முனைப் பக்கத்தில் சதையை அரிக்கும் கடுமையான காரம் (அல்கலி) உற்பத்தியாகிறது. பேட்டரி கசிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயின் சுவர் வெந்துபோகும். ரிமோட்டுக்குப் பயன்படாது என்று கழற்றிப்போட்ட பழைய பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும்.

விழுங்கியதைப் பார்த்தாலும், பார்க்காமல் சந்தேகப்பட்டாலும், ஒரு நிமிடமும் வீட்டில் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. குழந்தைக்கு ஒரு வயது முடிந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, இயல்பாக விழுங்கவும் முடிகிறதென்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி தேன் கொடுக்கலாம். அதிகபட்சம் ஆறு முறை. தேன் பேட்டரியின்மேல் பூச்சாகப் படிந்து எரிவைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. ஒரு வயதுக்குக் கீழே தேன் நஞ்சாகக்கூடும் என்பதால் கொடுக்கக் கூடாது. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை இழக்கவும் கூடாது. இங்கும் பொருளே பேசும்: அதே ரிமோட்டிலுள்ள இன்னொரு பேட்டரியோ, அது வந்த அட்டையோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். எக்ஸ்ரேயில் நாணயமும் பேட்டரியும் வட்டமாகவே தெரியும். பேட்டரியின் ஓரத்தில் மட்டும் இரட்டை வளையம் தெரியும். எண் முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவரின் வேகம் கூடும்.

நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சோற்றை மறுத்து, பாலை மட்டும் குடித்து, எச்சிலை விழுங்காமல் ஒழுகவிடும்போது, நம் ஊர்களில் பலர் முதலில் நினைப்பது, உள்ளே சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியரான தொக்கம் எடுப்பவரைத்தான். பாட்டிமார் அன்பினால்தான் அங்கே அழைத்துப் போகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாணயமோ பேட்டரியோ சிக்கியிருந்தால், தொக்கம் எடுக்கப் போய்வரும் அந்த அரைநாள்தான் குழந்தையின் உணவுக்குழாயைக் காப்பாற்றக் கூடிய நேரம். இந்த அறிகுறிகளோடு இருக்கும் குழந்தைக்கு முதலில் எக்ஸ்ரே என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே, அமைதியான ஒரு நாளில், பேசி வையுங்கள். மீன்முள்ளை இறக்கச் சோற்று உருண்டை கொடுக்கும் பழக்கத்தையும் குழந்தைகளிடம் செய்து பார்க்க வேண்டாம். முள் இன்னும் ஆழமாக ஏறலாம்.

ஊக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேலை கட்டும்போது இரண்டு ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு மடிப்பு எடுப்பது நம் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். மிச்சமிருப்பதைத் தாலிக்கொடியிலோ வளையலிலோ மாட்டிக்கொள்கிறோம். மடியில் இருக்கும் குழந்தைக்கு அம்மாவின் கழுத்தில் தொங்குவதும், அம்மாவின் உதட்டில் மின்னுவதும் இரண்டும் கவர்ச்சி. பார்த்ததைச் செய்து பார்க்கும் வயது அது. திறந்த ஊக்கு மேல்நோக்கிய முனையோடு தொண்டையில் சிக்கினால் எடுப்பது கடினமான வேலை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர், அப்படித் திறந்து கிடக்கும் ஊக்கை உடலுக்குள்ளேயே மூடி வெளியே எடுக்கும் முறைகளை உருவாக்கியவர். மக்களின் தொண்டையிலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுக்கப்பட்ட 2,374 பொருள்களை அவர் சேகரித்து வைத்தது, அந்த நகரத்தின் முட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஊக்கு, பொத்தான், நாணயம், விதை என்று அதில் இருப்பவை பெரும்பாலும் நம் மேசை இழுப்பறையில் கிடப்பவைதான்.

பொருள் மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால் மருத்துவமனைக்கு நேரமில்லை. குழந்தை சத்தமாக இருமிக்கொண்டிருக்கும்வரை இருமவிடுங்கள். சத்தமே வராமல், உதடு நீலமாகி, மூச்சுத் திணறினால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, பலனில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்து, மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல், முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்து. நினைவு தவறினால் உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடங்கி, 108-ஐ ஸ்பீக்கரில் வைத்து அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடக் கூடாது.

அமிலம், காரம், மண்ணெண்ணெய்

குளியலறை கழுவும் அமிலத்தையும் மண்ணெண்ணெயையும் பழைய தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைப்பது இந்த விபத்துகளின் வேர். குழந்தை குடித்துவிட்டால் முதலில் வாயைத் தண்ணீரால் துடைத்துக் கழுவி, நனைந்த உடையை மாற்றுங்கள். வாந்தி எடுக்கவைப்பது மிகப் பெரிய தவறு: அமிலமும் காரமும் ஏறி வரும்போது உணவுக்குழாயை இரண்டாவது முறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். அமிலத்துக்கு எதிராகச் சுண்ணாம்புத் தண்ணீரோ காரத்துக்கு எதிராக எலுமிச்சைச்சாறோ கொடுத்து முறிக்கப் பார்க்காதீர்கள். அந்த வினையே சூட்டை உண்டாக்கும். உதட்டில் புண் இல்லாவிட்டாலும் உள்ளே வெந்திருக்கலாம் என்பதால் எல்லாக் குழந்தைகளையும் காட்ட வேண்டும், பாட்டிலோடு. அப்போது தப்பித்தாலும் சில வாரங்களில் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கலாம். கெட்டியான உணவு இறங்கவில்லை என்று குழந்தை சொன்னால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவும் இந்தப் பட்டியலில் சேர்ந்ததே. முன்னர் சொன்ன ஜாக்சன், சோப்புக்காரத்தைக் குடித்து உணவுக்குழாய் சுருங்கிப்போன குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து மனம் நொந்து, இத்தகைய பொருள்களின் மேல் நஞ்சு என்று அச்சிட வேண்டும் எனப் பல ஆண்டுகள் போராடினார். 1927-இல் அமெரிக்காவில் அதற்கான சட்டம் வந்தது. நாம் வேறு பாட்டிலுக்கு மாற்றி ஊற்றும்போது அந்த எச்சரிக்கைச் சீட்டைத்தான் தூக்கிப் போடுகிறோம்.

மின்கம்பியைக் கடித்தால்

சுவிட்ச் போட்டபடியே விட்ட எக்ஸ்டென்ஷன் கம்பியைக் குழந்தை கடித்தால் உதட்டோரம் சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். தொடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். இந்தக் காயத்தின் தந்திரம், முதல் நாளில் இரத்தமே வராமல் இருப்பது. வெந்த பொருக்கு உதிரும்போது, அதாவது ஏறத்தாழ 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், உதட்டோரத் தமனி திறந்து திடீரென்று பெருக்கெடுக்கலாம், அதுவும் தூக்கத்தில். அப்போது கட்டைவிரலை வாயின் உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து உதட்டோரத்தைக் கிள்ளிப் பிடித்தபடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த இரண்டு வாரமும் குழந்தை பெரியவர் பக்கத்திலேயே தூங்கட்டும்.

வீட்டில் மாற்ற வேண்டியவை

பல் துலக்குவது ஓர் இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ மட்டும் என்ற ஒரு விதியை நாங்கள் அன்றே கொண்டுவந்தோம். ஒரு முக்காலி வாங்கிப் போட்டோம். அதில் உட்கார்ந்திருக்கும்வரைதான் பிரஷ் அவள் கையில் இருக்கும். ஐஸ் குச்சிக்கும் ஸ்பூனுக்கும் அதே விதி. "ஓடாதே" என்று கத்துவது பலன் தராது. திரும்பிப் பார்த்தபடியே இன்னும் வேகமாக ஓடுவார்கள். போய் வாங்கிக்கொள்வதே வழி.

பச்சிளங்குழந்தைக்குச் சங்கிலோ பாலாடையிலோ மருந்து புகட்டும்போது, படுக்கவைக்காமல் சற்று நிமிர்த்திப் பிடித்து, முனையைக் கன்னத்தின் உட்புறமாக வைத்துச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அழும் வாய்க்குள் நேராகச் செருகும்போதுதான் மேலுதட்டுச் சவ்வும் அண்ணமும் கிழிகின்றன. குளிப்பாட்டும்போது சளி எடுப்பதற்காகத் தொண்டைக்குள் விரல் விடுவதும் இதே காயத்தைச் செய்யும், நகம் வெட்டியிருந்தாலும்.

வாரம் ஒருமுறை தரையில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து பாருங்கள். சோபாவுக்கு அடியில் கிடக்கும் பேனா மூடி, கட்டில் காலடியில் கிடக்கும் புளியங்கொட்டை, தையல் இயந்திரத்துக்குக் கீழே உள்ள பொத்தான் எல்லாம் அந்த உயரத்திலிருந்துதான் தெரியும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சிறு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். பேட்டரி அறையின் மூடியில் திருகாணி இல்லாத ரிமோட்டுக்கு அகலமான டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள், பழைய பேட்டரியையும் டேப்பில் பொதிந்தே அப்புறப்படுத்துங்கள். முழு நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் நான்கு வயதுவரை வேண்டாம்.

இறுதியாக, 108 என்ற எண், குழந்தையின் எடை, அருகிலுள்ள எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனையின் பெயர், தடுப்பூசி அட்டை இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். வீட்டில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் தாத்தாவோ பாட்டியோ என்றால், அவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.